டிஸ்ப்ரோசியம் டைட்டனேட் ஒற்றைப் படிகம்: அறிகுறி வழியே பிழை நீக்கும் வழிமுறை

அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் (ஸ்பின்கள்), பனிக்கட்டியில் ஹைட்ரஜன்கள் அமைவதுபோல், மிகக் குளிரிலும் ஒரே ஒழுங்குக்கு வராமல் நிற்கும் ஸ்பின் ஐஸ் எனப்படும் காந்தநிலை 1997-இல் ஹோல்மியம் டைட்டனேட்டில் அறிவிக்கப்பட்டது. 1999-இல் டிஸ்ப்ரோசியம் டைட்டனேட்டின் தன்வெப்பத்திலிருந்து அதன் எஞ்சிய என்ட்ரோபி, அதாவது மிகக் குளிரிலும் நீங்காத ஒழுங்கின்மையின் அளவு, கணக்கிடப்பட்டது. அன்றிலிருந்து பைரோகுளோர் அமைப்புள்ள (உலோக அயனிகள் மூலையைப் பகிரும் நான்முகிகளாக அடுக்கப்பட்ட) இந்த ஆக்சைடுகளின் ஒற்றைப் படிகங்களைப் பல ஆய்வகங்கள் ஒளிகுவி உலையில், மிதவை மண்டல முறையில் வளர்த்து வருகின்றன. மேலே தொங்கும் ஊட்டுத் தண்டுக்கும் கீழே நிற்கும் விதைத் தண்டுக்கும் நடுவில், ஹாலோஜன் விளக்குகளின் ஒளியை நீள்வட்டக் கண்ணாடிகள் குவிக்க, அங்கே உருவாகும் உருகல், அதாவது உருகுமண்டலம், எந்தப் பாத்திரத்தையும் தொடாமல் தன் பரப்பு இழுவிசையால் மட்டுமே நிற்கிறது. மூசை இல்லாததால் மூசையிலிருந்து வரும் கலப்படமும் இல்லை. ஆனால் தூளிலும் தண்டிலும் உள்ள ஒவ்வொரு குறையும் நேராகப் படிகத்துக்குள் இறங்கிவிடுகிறது.

இந்தக் குறிப்பு அறிகுறிகளின் வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நிலையில் தென்படும் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் அதற்கு முந்தைய நிலையில்தான் இருக்கும் என்பதால், ஒவ்வோர் இடத்திலும் மலிவான சோதனையை முதலில் செய்து, பிறகு பின்னோக்கிச் செல்லுங்கள். உலையின் அமைப்புகளை மாற்றுவது கடைசியாக இருக்கட்டும்.

தூளின் எக்ஸ்-கதிர் வரைபடத்தில் அயல் முகடுகள் தெரிகின்றன

தாமிரக் கதிரில் பார்க்கும்போது பைரோகுளோரின் மிகப் பெரிய முகடு 30.6 டிகிரியை ஒட்டி வரும். 27.4 டிகிரியில் சிறு முகடு இருந்தால் அது ரூட்டைல், அதாவது வினைபுரியாத டைட்டானியம் டை ஆக்சைடு. அதோடு டிஸ்ப்ரோசியம் ஆக்சைடோ, டிஸ்ப்ரோசியம் இரண்டுக்கு டைட்டானியம் ஒன்று என்ற விகிதமுள்ள வேறொரு டைட்டனேட்டோ சேர்ந்து தெரிந்தால், வினை முடியவில்லை என்று பொருள். அகேட் கல்வத்தில் மீண்டும் அரைத்து, 1300 டிகிரி செல்சியஸுக்கு மேல் இன்னொரு முறை சுட்டால் போதும். ரூட்டைல் மட்டும் தனியாக நிலைத்து, எத்தனை முறை சுட்டாலும் குறையாமல் நின்றால், எடை விகிதமே தவறியிருக்கிறது.

அந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பதை எண்களோடு பார்ப்பது நல்லது. 10 கிராம் விளைபொருளுக்கு டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு 7.002 கிராமும் டைட்டானியம் டை ஆக்சைடு 2.998 கிராமும் வேண்டும். அருமண் ஆக்சைடுகள் காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சக்கூடியவை. புட்டியிலிருந்து எடுத்த தூளில் நூற்றுக்கு ஒரு பங்கு ஈரம் இருந்தால், தராசு 7.002 காட்டும்போது உண்மையில் உள்ளே போவது 6.932 கிராம்தான். டைட்டானியம் ஒரு விழுக்காடு மிகையாகிவிடுகிறது. அந்த அளவு ரூட்டைலை ஆய்வகத்தின் சாதாரண எக்ஸ்-கதிர்க் கருவி காட்டாமலும் போகலாம். ஆனால் உருகுமண்டலம் அதைக் கட்டாயம் காட்டும். ஆகவே டிஸ்ப்ரோசியம் ஆக்சைடை 1000 டிகிரியில் இரவு முழுவதும் வைத்து, உலர்த்துகலத்தில் ஆறவிட்டு, உடனே எடை போடுங்கள். கல்வத்தில் ஒட்டிக்கொண்டு இழக்கப்படும் தூள் விகிதத்தை மாற்றாது என்று எண்ண வேண்டாம். கலப்பதற்கு முன் இழந்தால் நிச்சயம் மாற்றும்.

சுட்ட தண்டு வளைந்திருக்கிறது, அல்லது கையில் எடுத்தாலே நொறுங்குகிறது

இது முழுக்க நிரப்பும் வேலையின் பிழை. நீண்ட ரப்பர் பலூனில் தூளைச் சிறிது சிறிதாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் தட்டிச் சமப்படுத்தி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பினால் உறிஞ்சிய பிறகே வாயைக் கட்ட வேண்டும். பிறகு நீரழுத்தியில் எல்லாப் பக்கமும் ஒரே சீரான அழுத்தம் கொடுங்கள். படுக்க வைத்துச் சுட்டால் தன் எடையாலேயே தண்டு வளையும். பிளாட்டினக் கம்பியில் தொங்கவிட்டு 1400 டிகிரி அளவில் சுடுவதே முறை. வளைந்த தண்டை எப்படியாவது சரிக்கட்டி ஓட்டிப் பார்க்கலாம் என்று உலையில் மாட்டாதீர்கள். அது சுழலும்போது அதன் நுனி வட்டமிடும், உருகலும் அதனோடு இழுபடும், அன்றைய வளர்ப்பு அங்கேயே முடிந்துவிடும்.

உருகல் ஊட்டுத் தண்டுக்குள் ஏறுகிறது

திரையில் பார்க்கும்போது, உருகுமண்டலத்துக்கு மேலே ஊட்டுத் தண்டின் மேற்பரப்பு சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஈரம் பட்டதுபோல் கருத்துத் தெரியும். அதன் விளிம்பு மெல்ல மேலேறும். சற்று நேரத்தில் அந்தப் பகுதி உப்பி, ஒரு கழுத்துப் பட்டைபோல் நிற்கும். பிறகு அந்தப் பட்டை மொத்தமாக உருகி விழ, மண்டலத்தின் கன அளவு திடீரென்று கூடி வழிந்துவிடும். நுண்துளை நிறைந்த தண்டு, திரி எண்ணெயை இழுப்பதுபோல், உருகலை உறிஞ்சுவதே இதற்குக் காரணம். விளக்கின் திறனைக் குறைத்து இதைச் சமாளிக்க முடியாது. குறைத்தால் நடுப்பகுதி உறையும், உறிஞ்சல் மட்டும் நிற்காது. தண்டைக் கூடுதலான வெப்பநிலையில் இன்னொரு முறை சுட்டு அடர்த்தியை உயர்த்துவது ஒரு வழி. அதைவிட உறுதியான வழி, ஊட்டுத் தண்டை முதலில் மணிக்கு 20 அல்லது 30 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு முறை மண்டலத்தின் வழியே ஓட்டி, உருகி உறைந்த அந்த அடர்ந்த தண்டையே மறுபடி ஊட்டுத் தண்டாக்கி, மணிக்கு 4 முதல் 8 மில்லிமீட்டர் வேகத்தில் வளர்ப்பது. இந்தச் சேர்மத்துக்கு அந்த முன்னுருக்கலுக்குச் செலவாகும் நேரம் வீண் அல்ல என்பது என் உறுதியான கருத்து.

மண்டலத்துக்குள் குமிழிகள் தோன்றி, மேலே வந்து வெடித்து, மண்டலம் துள்ளினால், அதற்கும் பெரும்பாலும் இதே மருந்துதான். தண்டின் துளைகளில் அடைபட்ட வாயுவே குமிழியாகிறது. முன்னுருக்கிய தண்டிலும் குமிழி தொடர்ந்தால், ஆக்சிஜன் அழுத்தத்தைக் குறைத்தும் வளர்ப்பு வேகத்தைத் தணித்தும் பாருங்கள். உருகலில் கரைந்த வாயு உறையும் முகத்தில் வெளியேறும்போது, அது தப்பிச் செல்ல நேரம் கிடைக்க வேண்டும்.

மேல் தண்டும் கீழ்த் தண்டும் மோதுகின்றன, அல்லது மண்டலம் மெலிந்து அறுகிறது

மோதுவது நடுப்பகுதி முழுமையாக உருகவில்லை என்பதைக் காட்டுகிறது. வெளிப்பக்கம் பளபளப்பான உருகலாகத் தெரிந்தாலும், உள்ளே திண்மக் கூம்பு ஒன்று நீண்டு நின்று எதிர்த்தண்டைத் தொடும்; ஒவ்வொரு சுற்றிலும் மண்டலம் ஒரே இடத்தில் நடுங்குவது அதன் அடையாளம். திறனை மிகச் சிறிய படிகளாக உயர்த்தி, ஒவ்வொரு படிக்குப் பின்னும் சில நிமிடங்கள் காத்திருங்கள். மெலிந்து அறுவது ஊட்டு வேகம் போதாததால் நிகழ்கிறது. ஊட்டுத் தண்டு விதைத் தண்டைவிடக் குறுகலாக இருந்தால், ஊட்டு வேகத்தை விட்டங்களின் வர்க்க விகிதத்தில் உயர்த்த வேண்டும்.

திறனைத் தொடாமலே மண்டலம் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே போனால், தண்டுகளைச் சூழ்ந்திருக்கும் குவார்ட்ஸ் குழாயின் உட்சுவரைப் பாருங்கள். ஆவியான பொருள் அங்கே வெண்படலமாகப் படிந்து ஒளியை மறைக்கும். டைட்டனேட்டுகளில் இது கடுமையாக இருக்காது. ருத்தேனியம் ஆக்சைடுகளை வளர்ப்பவர்களுக்கோ இதுவே முதன்மைத் தொல்லை. குழாய் சுத்தமாக இருந்தும் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால், விளக்கின் இழை குவியத்திலிருந்து விலகியிருக்கிறது.

படிகம் கறுத்திருக்கிறது

நன்கு வளர்ந்த டிஸ்ப்ரோசியம் டைட்டனேட்டின் மெல்லிய சீவல் ஒளியை ஊடுருவவிடும். வெளிர் மஞ்சள் அல்லது தேன் நிறத்தில் இருக்கும். ஆர்கானில் வளர்த்தது கறுப்பாக வருவது வழக்கம். ஆக்சிஜனில் வளர்த்ததும் சில வேளை கருஞ்சிவப்பாக வருகிறது. காந்த அளவீட்டின் நம்பகத்தன்மை இந்த நிறத்தோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் இந்த அறிகுறியை எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

நிறத்துக்கு முதல் காரணம் ஆக்சிஜன் குறைபாடு. ஆக்சிஜன் அணுக்கள் சில இல்லாதபோது, மின்சுமையைச் சமப்படுத்தச் சில டைட்டானியம் அயனிகள் மூன்று நேர்சுமை நிலைக்கு இறங்குகின்றன. அந்த அயனிக்குத் தனக்கென ஒரு காந்தத் திருப்புத்திறன் உண்டு. மேலும், ஆக்சிஜன் காலியான இடத்தைச் சுற்றியுள்ள டிஸ்ப்ரோசியத்தின் சூழலும் மாறிவிடுகிறது. வளர்த்த நிலையிலுள்ள படிகங்களில் இந்தக் குறைபாடே காந்த மாசுகளின் முதன்மைக் காரணம் என்றும், ஆக்சிஜனில் சூடாக்கினால் அது நீங்கும் என்றும் 2014-இல் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் வெளியான ஆய்வு எடுத்துரைத்தது. இரண்டாவது காரணம், டைட்டானியத்தின் இடத்தில் டிஸ்ப்ரோசியம் நுழைந்துகொள்வது. நான்கு நேர்சுமையுள்ள இடத்தில் மூன்று நேர்சுமை அயனி அமர்ந்தால், மின்சுமைக் கணக்குக்காகவே ஆக்சிஜன் இடங்கள் காலியாகும். அந்தக் காலியிடங்களை எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் நிரப்ப முடியாது.

இரண்டையும் பிரித்தறியும் சோதனை எளிது. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் சீவல் ஒன்றை வெட்டி, எடை போட்டு, ஓடும் ஆக்சிஜனில் 1200 டிகிரி அளவில் ஓரிரு நாள் வைத்து, மெதுவாக ஆறவிடுங்கள். சீவல் தெளிந்தால் குறை ஆக்சிஜனில்தான் இருந்தது. முழுப் படிகத்தையும் அவ்வாறே பதப்படுத்தலாம். விளிம்பு தெளிந்து நடு கறுத்திருந்தால் இன்னும் நேரம் வேண்டும், ஏனெனில் ஆக்சிஜன் உள்ளே பரவிச் செல்ல வேண்டியிருக்கிறது. தெளியவே இல்லையென்றால் உலோக அயனிகளின் விகிதமோ வேற்று உலோகக் கலப்போ காரணம். தூள் நிலைக்குத் திரும்ப வேண்டியதுதான். எடை மாற்றத்தையும் கவனியுங்கள்: வாய்பாட்டு அலகுக்கு (Dy₂Ti₂O₇) 0.02 ஆக்சிஜன் குறைந்திருந்தால், 1 கிராம் சீவல் பதப்படுத்திய பின் ஏறக்குறைய 0.6 மில்லிகிராம் கூடும். மைக்ரோகிராம் தராசில் இது தெளிவாகவே தெரியும்.

படிகத்தின் தொடக்கமும் முடிவும் வேறுவேறாக இருக்கின்றன

இந்த அறிகுறியை மிக நன்றாகக் கற்றுத்தந்த பொருள் உறவுச் சேர்மமான இட்டெர்பியம் டைட்டனேட். அதன் தூள் மாதிரிகளில் 0.27 கெல்வினை ஒட்டிக் கூர்மையாக வந்த தன்வெப்ப முகடு, பல ஒற்றைப் படிகங்களில் அகன்று, கீழிறங்கி, சில வேளை இரட்டித்தும் தெரிந்தது. ஒரே பொருளுக்கு ஆய்வகத்துக்கு ஓர் அடிநிலை சொல்லப்பட்டது. டைட்டானியம் இடங்களில் நூற்றுக்கு இரண்டு சொச்சம் இட்டெர்பியத்தால் நிரம்பியிருப்பதை 2012-இல் நியூட்ரான் சிதறல் காட்டியது. 2017-இல் டைட்டானியம் மிகுந்த கரைப்பானை மண்டலமாக வைத்து வளர்த்தபோது நிறமற்ற, தெளிந்த படிகம் கிடைத்தது; கூர்மையான முகடும் திரும்பியது.

உருகலும் அதிலிருந்து உறையும் திண்மமும் ஒரே விகிதத்தில் இல்லாதபோது இப்படி நடக்கிறது. முதலில் உறைவது அருமண் மிகுந்த திண்மம். விலக்கப்பட்ட டைட்டானியம் மண்டலத்தில் சேர்ந்துகொண்டே போகும். போதிய அளவு சேர்ந்த பிறகுதான் உறையும் திண்மம் ஊட்டுத் தண்டின் விகிதத்தை எட்டும். எனவே அளவீட்டுக்குத் துண்டு எடுக்கும்போது முதல் சில மில்லிமீட்டரையும், கடைசியில் உறைந்த துளியையும் ஒதுக்கிவிடுங்கள். தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் சிறு துணுக்குகளைப் பொடித்து, சிலிக்கான் தூளை அளவுகோலாகக் கலந்து, அணிக்கோவை மாறிலியை, அதாவது படிகத்தின் அடிப்படைக் கனசதுரத்தின் பக்க நீளத்தை, கணக்கிடுங்கள். டிஸ்ப்ரோசியம் டைட்டனேட்டுக்கு அது 10.12 ஆங்ஸ்ட்ரம் அளவில் வரும். சிறிய டைட்டானியம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய அருமண் அயனி அமர்ந்தால் மாறிலி உயரும்; ஆனால் மூன்றாவது தசம இடத்தை நம்பும்படி அளந்தால்தான் அந்த உயர்வு புலப்படும். எந்த இடத்துத் துண்டில் எந்த அளவீடு செய்யப்பட்டது என்பதைக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டால், பின்னாளில் இரண்டு அளவீடுகள் முரண்படும்போது தீர்ப்பதற்கு வழியே இருக்காது.

லாவே படத்தில் புள்ளிகள் இரட்டிக்கின்றன

லாவே படம் என்பது அசையாத படிகத்தின்மீது பல அலைநீள எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி எடுக்கும் புள்ளிப் படம். சற்றே விலகிய இரட்டைப் புள்ளிகள் சிறு கோணம் சாய்ந்த துணைப் படிகங்களைக் காட்டுகின்றன. தொடர்பே இல்லாத இரண்டு புள்ளிக் கோலங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அது வேறொரு படிகம். தண்டைச் சுற்றியும் நீளவாக்கிலும் சில மில்லிமீட்டருக்கு ஒரு படம் எடுத்து, எல்லை எங்கே ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு வெட்டுங்கள். புள்ளிகளே இல்லாமல் மங்கலான வளையம் மட்டும் வந்தால் மேற்பரப்பு அரைபட்டுச் சிதைந்திருக்கிறது. நுண்ணிய வைரப் பசையால் மெருகேற்றிய பின் மறுபடி எடுங்கள்.

லாவே படம் மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. உட்பகுதியைச் சோதிக்க நியூட்ரானை நாடுவது வழக்கம் என்றாலும், இயற்கை டிஸ்ப்ரோசியத்தின் நியூட்ரான் உறிஞ்சல் குறுக்குப்பரப்பு, அதாவது ஓர் அணுக்கரு நியூட்ரானை விழுங்கும் வாய்ப்பின் அளவு, 1000 பார்னை நெருங்குவதால் பெரிய துண்டுகளில் அது பயன் தராது. வெட்டிய சீவலின் இரு முகங்களிலும் லாவே படம் எடுத்து ஒப்பிடுவதே இங்கே நடைமுறைக்கு ஏற்றது.

அடுத்த வளர்ப்பில் இதைக் குறைக்க, பீங்கான் விதைக்குப் பதிலாக இப்போது கிடைத்த நல்ல துண்டையே விதையாக்கித் தொடக்கத்தில் கழுத்தைக் குறுக்குங்கள். வளர்ந்த படிகம் ஆறும்போது விரிசல் விட்டால், மண்டலத்தைப் பிரித்தவுடன் விளக்கை அணைக்காமல், பல மணி நேரம் எடுத்துத் திறனை இறக்குங்கள்.

காந்தமாக்கல் எண்கள் பொருந்தவில்லை

இங்கே டிஸ்ப்ரோசியம் டைட்டனேட் வளர்ப்பவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஒவ்வொரு டிஸ்ப்ரோசியத்தின் திருப்புத்திறனும் ஏறக்குறைய 10 போர் மேக்னட்டான் (அணுக்களின் காந்தத் திருப்புத்திறனை அளக்கும் அலகு). அது தன் நான்முகியின் மையத்தை நோக்கியோ, மையத்திலிருந்து வெளியேயோ மட்டுமே நிற்கும். எனவே 2 கெல்வினில் பல டெஸ்லா புலத்தில், ஒரு டிஸ்ப்ரோசியத்துக்கு [100] திசையில் (படிகக் கனசதுரத்தின் விளிம்பு வழியே) 5.77, [111] திசையில் (கனசதுரத்தின் மூலைவிட்டம் வழியே) 5, [110] திசையில் (அதன் முகத்தின் மூலைவிட்டம் வழியே) 4.08 போர் மேக்னட்டான் வர வேண்டும். மூன்று எண்களும் வடிவக்கணிதத்திலிருந்து வருபவை. அவற்றில் நாம் பொருத்திப் பார்த்துச் சரிசெய்ய எதுவும் இல்லை.

மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்தால் எடையைச் சந்தேகியுங்கள். படிகத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையும் எடையாகிறது. [110] மட்டும் கூடுதலாக வந்தால் சாய்வைச் சந்தேகியுங்கள். அந்தத் திசையில் பாதி ஸ்பின்கள் புலத்துக்குச் செங்குத்தாக நிற்பவை. சில டிகிரி சாய்ந்தாலே அவையும் புலத்தின் பக்கம் திரும்பி, மதிப்பை 5 விழுக்காடு வரை உயர்த்திவிடும். புலம் ஏறும்போது வளைகோடு ஓரிடத்தில் படியாகத் துள்ளி 5.77-ஐ நோக்கி ஏறினால், படிகமே அதைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குள் சுழன்றுவிட்டது. [100] அச்சைப் புலத்தோடு சேர்க்க இழுக்கும் முறுக்குவிசை அவ்வளவு வலியது. பஞ்சோ ஒட்டுநாடாவோ இதைத் தாங்காது. குவார்ட்ஸ் தாங்கியில் வார்னிஷ் வைத்து ஒட்டுங்கள். துண்டும் சிறிதாக இருக்கட்டும்: 10 மில்லிகிராமே ஏறக்குறைய 1 இ.எம்.யூ. (காந்தமானி காட்டும் திருப்புத்திறன் அலகு) தரும். [111] திசையில் சரியாக 5 வந்துவிட்டது என்று மட்டும் நிறைவடைய வேண்டாம். திசை தாறுமாறாக உள்ள தூளும் சராசரியாக அதே 5-ஐ நோக்கித்தான் செல்லும்.

குறைந்த புலத்தில் வளைகோட்டின் சாய்வு பிறர் வெளியிட்டதோடு பொருந்தாவிட்டால், படிகத்தைக் குறை சொல்லும் முன் காந்தநீக்கப் புலத்தை, அதாவது படிகத்தின் சொந்தக் காந்தமாக்கல் உள்ளே எதிர்த்திசையில் உண்டாக்கும் புலத்தை, கணக்கிடுங்கள். [111] திசையில் நிறைவுற்ற டிஸ்ப்ரோசியம் டைட்டனேட்டின் காந்தமாக்கல் ஏறக்குறைய 0.9 டெஸ்லாவுக்குச் சமம். கோளவடிவத் துண்டுக்குள் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.3 டெஸ்லா, வெளிப்புலத்துக்கு எதிராக நிற்கும். மெல்லிய தட்டுக்குச் செங்குத்தாகப் புலம் கொடுத்தால் ஏறக்குறைய முழு 0.9 டெஸ்லாவும் எதிர்க்கும். ஸ்பின்கள் ஒன்றையொன்று எவ்வளவு பாதிக்கின்றன என்பதைக் காட்டும் கியூரி–வைஸ் வெப்பநிலையும் இதனால் இடம்பெயர்கிறது: கோளத்துக்கு அந்தத் திருத்தம் 1.5 கெல்வின் அளவுக்கு வருகிறது. தேடப்படும் மதிப்பே அந்த அளவில்தான் இருக்கிறது என்பதால், திருத்தம் செய்யாத கியூரி–வைஸ் வெப்பநிலைக்கு இந்தச் சேர்மத்தில் பொருள் இல்லை. துண்டை நீள்செவ்வக வடிவில் வெட்டி, நீள்பக்கத்தைப் புலத்தோடு வைத்து, மூன்று அளவுகளையும் எழுதிவையுங்கள்.

தன்வெப்பத்திலிருந்து வரும் என்ட்ரோபி தவறாக இருக்கிறது

முகடு 1.2 கெல்வினை ஒட்டி வர வேண்டும். அதை ஒட்டிய காந்த என்ட்ரோபி, ஒரு மோல் டிஸ்ப்ரோசியத்துக்கு, இரு நிலைகளுக்கான முழு மதிப்பான 5.76 ஜூல்/கெல்வினை எட்டாமல், அதில் 1.69 குறைந்து 4.08 அளவில் நிற்பதுதான் ஸ்பின் ஐஸின் அடையாளம். இரு மடங்காக வந்தால், வாய்பாட்டு அலகில் டிஸ்ப்ரோசியம் இரண்டு இருப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 10 கெல்வினுக்கு மேல் தொடர்ந்து ஏறினால் அணிக்கோவை அதிர்வுகளின் பங்கு சரியாகக் கழிக்கப்படவில்லை. காந்தமற்ற இட்ரியம் டைட்டனேட்டை அதே கருவியில் அளந்து கழியுங்கள்.

4.08-ஐவிடக் குறைவாக வந்தால் நேரத்தைச் சந்தேகியுங்கள். 0.6 கெல்வினுக்குக் கீழே ஸ்பின்கள் மிக மெதுவாகத் தளர்கின்றன. சிறு வெப்பத் துடிப்பு கொடுத்து மாதிரி ஆறும் வேகத்தை அளக்கும் வழக்கமான தளர்வுமுறைக் கருவி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒதுக்கும் நேரத்துக்குள் அவை வெப்பத்தை முழுமையாக வாங்கி முடிப்பதில்லை. மிக நீண்ட நேரம் காத்திருந்து அளந்த ஒரு குழு, எஞ்சிய என்ட்ரோபி அந்த மதிப்பில் நிலைக்கவில்லை என்றே 2013-இல் நேச்சர் பிசிக்ஸ் இதழில் வெளியிட்டது. இந்த விவாதத்தில் உங்கள் எண்ணும் இடம்பெற வேண்டுமானால், அளவிட்ட நேர நீளம், படிகத்தின் நிறம், ஆக்சிஜனில் பதப்படுத்தியதா இல்லையா, தண்டின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது ஆகிய நான்கையும் வரைபடத்தின் கீழேயே எழுதுங்கள். பதப்படுத்துவதற்கு முன்னும் பின்னும் அதே துண்டை அளந்து இரண்டு வளைகோடுகளையும் ஒரே அச்சில் கொடுங்கள்.